சான்றிதழ் இருக்கட்டும், வார்டுக்கு வாருங்கள்

போதைச் சிகிச்சை மையத்தில் ஆற்றுப்படுத்துநராகவும் (கவுன்சலர்), இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தருபவராகவும் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன். ஆறு வார ஆன்லைன் வகுப்பில் 'சர்ட்டிஃபைட் அடிக்‌ஷன் கவுன்சலர்' பட்டம் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் 18,000 ரூபாய். சேரலாமா? இந்தத் துறைக்கு வர உண்மையில் என்ன படிக்க வேண்டும்?
— வாசகி, தென்காசி

பணத்தைக் கட்டாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது கட்டாதீர்கள்.

நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். போதை ஆற்றுப்படுத்துநருக்கு அப்படி ஒரே தேர்வு, ஒரே உரிமம் என்று ஒன்று இல்லை. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டம், ஆற்றுப்படுத்துநர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவு முறை படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை இந்த இடைவெளியில் ஆறு வாரக் கடைகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அவர்கள் கொடுக்கும் தாள் பொய் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு எடுப்பவர் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான்.

உங்கள் கையில் இருக்கும் எம்.எஸ்.டபிள்யூ.தான் அவர் கேட்கும் தாள். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. 'ஐ.ஆர்.சி.ஏ.' என்று சொல்வார்கள். அங்கே ஆற்றுப்படுத்துநர் பணிக்குச் சமூகப் பணி, உளவியல் படித்தவர்களைத்தான் தேடுகிறார்கள். சேர்ந்த பிறகு, அமைச்சகத்தின் கீழ் இருக்கும் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழியாகப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவப் பிரிவு, காசியாபாத்தில் எய்ம்ஸ் நடத்தும் தேசிய மையம், இவையெல்லாம் இந்தத் துறைக்காரர்களுக்குப் பயிற்சி தருவதில் பெயர் பெற்றவை. நேரம் ஒதுக்க முடியுமானால் மனநலச் சமூகப் பணியில் மேற்படிப்பு செய்யுங்கள். இந்தத் துறையில் கடைசிவரை துணைக்கு வருகிற படிப்பு அது.

சர்வதேசச் சான்றிதழ் வேண்டும் என்று ஆசையிருந்தால், கொழும்புத் திட்டம் என்ற அரசுகளுக்கு இடையிலான அமைப்பு 'ஐகேப்' என்ற பெயரில் படிநிலைகளாகத் தருகிறது. கல்வித் தகுதி, பயிற்சி நேரம், மேற்பார்வையில் செய்த வேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் தேர்வுக்கே விடுவார்கள். அதற்கான அடிப்படைப் பாடங்களில் போதைப்பொருள் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து நெருக்கடி நேரம், தொழில் அறம் வரை இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆன பிறகு அதைப் பற்றி யோசித்தால் போதும்.

சரி, வார்டுக்கு வருவோம்.

என்னிடம் வரும் புதியவர்கள் முதல் வாரத்திலேயே நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து 'உங்க குழந்தைங்க முகத்தைப் பாருங்க' என்று தொடங்கிவிடுவார்கள். நோயாளி குடியை நிறுத்தி அது இரண்டாம் நாளாக இருக்கும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வாசலில் ஆட்டோ நிற்கிறது என்று எழுந்து கிளம்புவார். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை டாக்டர், வைட்டமின் பி1, தூங்க வைக்கும் மருந்து, வெளிச்சமான அறை. அதிகம் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் மனம் குழம்பி, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் எழுந்துபோய் நர்ஸைக் கூப்பிட வேண்டிய நேரம் எது, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச வேண்டிய நேரம் எது என்பதைப் பிரித்தறிவதுதான் முதல் பாடம். அதை லேப்டாப்பில் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது, கேள்வி கேட்பது. 'எவ்வளவு குடிப்பீங்க?' என்று கேட்டால் 'லைட்டா மேடம், கம்பெனிக்கு' என்பார். அதைக் குறிப்பில் எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசியாக எப்போது, எந்த சைஸ் பாட்டில், பங்கு போட்டதா தனியாகவா, காலையில் கை நடுங்கினால் என்ன செய்வீர்கள், இப்படிக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்விகள் உண்டு. அதில் 'எத்தனை டிரிங்க்' என்று வரும். நம் ஆள் குவாட்டர் கணக்கு, கட்டிங் கணக்குதான் சொல்வார். டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவாட்டர் 180 மில்லி. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். படிவம் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, 'ஒரே ஒரு குவாட்டர்தான் மேடம்' என்பவர் ஆறு டிரிங்க் குடிக்கிறார். கட்டிங் என்றால் மூன்று. இந்த மாற்றல் தெரியாமல் படிவத்தை நிரப்பினால் சிகிச்சை தேவைப்படுபவரை 'பரவாயில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். அவரிடம் வாதாடாமல் இருப்பது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த உரையாடல் முறை இன்று உலகம் முழுக்கக் கற்றுத்தரப்படுகிறது. நாம் 'நிறுத்தியே ஆகணும்' என்று இழுத்தால் அவர் 'அப்படியொண்ணும் பிரச்சினை இல்லை' என்று எதிர்ப்பக்கம் இழுப்பார். அவருக்குள்ளேயே குடிக்கவும் ஆசை, விடவும் ஆசை. விட வேண்டியதற்கான காரணத்தை அவர் வாயால் அவரே சொல்லும்படி கேட்பதுதான் நம் வேலை. கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். அறிவுரை சொல்லாமல் அரை மணி நேரம் உட்காருவது நம் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆசிரியராக இருந்துவிட்டு வருபவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

ஆகவே எந்த வகுப்பில் சேருவதானாலும் போனில் இரண்டே கேள்வி கேளுங்கள். வார்டில் எத்தனை மணி நேரம் இருப்பேன்? நான் எழுதும் கேஸ் குறிப்பை யார் படித்துத் திருத்துவார்? ஆறு வாரக்காரர் என்ன பதில் சொல்கிறார் பாருங்கள், அப்புறம் 18,000 ரூபாயைப் பற்றி முடிவெடுங்கள்.

குடியை விட்டு நான்கு ஆண்டு ஆகிறது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். பிளஸ் டூ வரை படிப்பு, லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். என்னைப் போன்றவர் கவுன்சலர் ஆக முடியுமா?
— வாசகர், நாமக்கல்

முடியும் தம்பி. ஏ.ஏ.வே 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதில் பிறந்ததுதான். அமைச்சகத்தின் திட்டங்களில் போதையை விட்டு வந்தவர்களுக்கென்றே 'பியர் எஜுகேட்டர்' என்ற பணி இருக்கிறது. அங்கே தொடங்குங்கள். வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் அஞ்சல் வழியில் பி.எஸ்.டபிள்யூ. முடித்தால் அடுத்த படிக்குப் போகலாம். கணக்கு எழுதிய கை, கேஸ் பதிவேட்டையும் ஒழுங்காக எழுதும். அதில் உங்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ. பிள்ளைகளைவிட ஒரு சாதகம் உண்டு என்றே நினைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. உங்கள் கதை முதல் பத்து நிமிடத்துக்கு உதவும். 'இவருக்கு நம்ம கஷ்டம் தெரியும்' என்று எதிரில் இருப்பவர் தோளைத் தளர்த்துவார். அதற்குப் பிறகு அது அவருடைய கதையாகத்தான் இருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்து உட்காருவான். அவனிடம் உங்கள் குவாட்டர் அனுபவம் செல்லுபடியாகாது. ஓபியம் வகைப் போதையில் சிக்கியவர்களுக்கு புப்ரினார்ஃபின் மாத்திரையை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தருவது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. மருந்தே இல்லாமல் விட்டவர்கள் சிலர், 'இது என்ன, ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று நோயாளியிடமே சொல்லிவிடுகிறார்கள். அவன் மாத்திரையை நிறுத்துகிறான். கொஞ்ச நாளில் பழைய அளவில் ஊசி போடுகிறான். உடம்பு அந்த அளவை மறந்திருக்கும், அதில் உயிரே போகலாம். நீங்கள் விட்ட வழி உங்களுக்குச் சரி. அதை எல்லோருக்கும் மருந்துச் சீட்டாக எழுதாதீர்கள்.

இன்னொன்று. ஏ.ஏ.வில் நீங்கள் யாருக்காவது ஸ்பான்சராக, அதாவது துணை நிற்கும் மூத்த உறுப்பினராக இருந்தால் அவர் நள்ளிரவில் கூப்பிட்டாலும் எடுப்பீர்கள். மையத்தில் நோயாளிக்கு உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் எழுதக் கூடாது. மனசு கேட்காதுதான். உங்கள் சொந்தக் கூட்டத்துக்குப் போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அங்கே உறுப்பினராகப் போங்கள், கவுன்சலராகப் போகாதீர்கள். நீங்கள் ஆறு மாதம் கூடவே இருந்து பார்த்த ஒருவர், சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து நிற்கும்போது உங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று மேற்பார்வையாளரிடம் வாய் திறந்து சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகிறது. சிகிச்சை முடிந்துபோன ஒருவர், மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டதாக என்னிடம் சொன்னார், மனைவிக்குத் தெரியக் கூடாது என்றார். மனைவி போன் செய்து 'உண்மையைச் சொல்லுங்க மேடம்' என்று அழுகிறார். நான் என்ன செய்வது?
— வாசகி, திருச்சி

இந்தக் கேள்வி வராத பயிற்சி வகுப்பே இல்லை.

சட்டம் முதலில். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது அதில் அவருடைய உரிமை. யாருக்காவது தீங்கு நேரும் நிலை, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. ஒருவர் மறுபடி குடித்தார் என்பது மட்டும் அதில் வராது. குடித்துவிட்டுப் பள்ளி வேன் ஓட்டுகிறார் என்றால் கதையே வேறு, உடனே மேற்பார்வையாளரிடம் போங்கள்.

மனைவியிடம் பொய்யும் சொல்லாதீர்கள், 'எனக்குத் தெரியாது' என்று நழுவவும் வேண்டாம். 'அவர் என்கிட்ட பேசுறதை நான் வெளியே சொல்றதில்லைம்மா. நீங்க பேசுறதையும் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்க கவலைப்படுற மாதிரி வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க' என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த அம்மாவுக்கு ஏற்கனவே தெரியும். சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம், தாமதமாக வரும் நேரம், திடீரென்று பொங்கும் பாசம் என்று எல்லாவற்றையும் கவனித்திருப்பார். அவருக்குத் தேவைப்படுவது உளவுச் செய்தி இல்லை, நாளைக் காலையில் தான் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு.

அவரிடம் மறக்காமல் ஒன்றைக் கேட்க வேண்டும்: சாப்பாட்டில் ஏதாவது கலந்து கொடுக்கிறாரா? 'கணவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் பொடி' விளம்பரங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. டைசல்ஃபிராம் மாத்திரையை எங்கிருந்தோ வாங்கி சாம்பாரில் கலக்கும் வீடுகளும் உண்டு. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் சரியும். உயிர் போகவும் கூடும். நோயாளிக்கு எல்லாம் விளக்கி, அவர் சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் தர வேண்டிய மருந்து அது. மனைவி அழுகிறார் என்பதற்காக இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

கணவரிடம் அடுத்த சந்திப்பில், 'வீட்ல சொல்றதுக்கு எது தடுக்குது?' என்று தொடங்குங்கள். மூவரும் சேர்ந்து உட்காரும் ஒரு நாளுக்கு அவரைத் தயார் செய்யுங்கள். சொல்ல வேண்டியவர் அவர்தான். இனிமேல் எந்த நோயாளியாக இருந்தாலும், எதை வெளியே சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதைக் குடும்பத்தார் முன்னிலையிலேயே முதல் சந்திப்பில் பேசிவிடுங்கள். மனைவிக்கு அல்-அனான் கூட்ட விவரமும் கொடுங்கள். அது குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது.

சென்னையில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி படித்தேன். இப்போது நியூயார்க்கின் குயின்ஸில் வசிக்கிறோம். வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. இங்கே 'கேசாக்' என்று ஒரு சான்று வாங்கினால் போதை ஆற்றுப்படுத்துநராகலாம் என்கிறார்கள். எனக்குச் சரிவருமா?
— வாசகி, நியூயார்க்

உங்கள் நிலைமை தென்காசி வாசகியைவிடத் தெளிவானது. அங்கே மாநில அரசின் போதைச் சேவைத் துறையான 'ஓயாசிஸ்' இந்தச் சான்றை வழங்குகிறது. 350 மணி நேர வகுப்பு. அதில் 150 மணி நேரம் ஆற்றுப்படுத்தும் திறனுக்கு, 85 மணி நேரம் போதை நோயைப் பற்றிய அறிவுக்கு, 75 மணி நேரம் மதிப்பீட்டுக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கும், 40 மணி நேரம் தொழில் அறத்துக்கு. வகுப்பை முடித்ததும் 'டிரெய்னி' என்ற நிலையில் வேலைக்குப் போகலாம். முழுச் சான்றுக்கு மேற்பார்வையில் 6,000 மணி நேர வேலை என்பது அடிப்படைக் கணக்கு, சுமார் மூன்று ஆண்டு. ஏற்கத்தக்க துறையில் முதுகலை இருந்தால் அதில் 4,000 மணி நேரம் கழியும். உங்கள் இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து அது அமெரிக்க முதுகலைக்கு இணையானதா என்று முதலில் மதிப்பீட்டு அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் மற்ற கணக்கெல்லாம். பிறகு ஒரு தேர்வு, கொள்குறி வகையில் 150 கேள்விகள். விண்ணப்பிக்கும் அன்று துறையின் தளத்தில் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

ஒரு போதை ஆற்றுப்படுத்துநர் செய்யும் வேலைகளை அமெரிக்காவில் பன்னிரண்டாகப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள். வடிகட்டல், சேர்க்கை, மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், நெருக்கடி உதவி, வேறிடத்துக்கு அனுப்புதல், பதிவேடு என்று போகும் அந்தப் பட்டியலில் ஆற்றுப்படுத்துதல் ஒன்றே ஒன்றுதான். இதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் முகம் சுருங்கும். பேசப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வருபவர்களுக்கு இது தெரிய வேண்டும். பாதி நாள் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

நம் ஊர்ப் படிப்போடு போகிறவர்கள் அங்கே தடுமாறுவது ஆங்கிலத்தில் இல்லை, மெத்தடோனில். அந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்து ஹெராயின் அடிமைகளை வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்ப வைக்கும் சிகிச்சையை 1960-களில் உருவாக்கியவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர். நடந்தது உங்கள் நியூயார்க்கில், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில். முழுசாக விட்டால்தான் குணம் என்று சென்னையில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒட்டாது. நேரம் எடுத்துப் படியுங்கள். ஃபென்டனில் என்ற கடுமையான ஓபியம் வகை மருந்து கலந்த சரக்கால் ஆட்கள் மூச்சு நின்று சாகும் ஊர் அது. அதை முறிக்க மூக்கில் அடிக்கும் நாலாக்ஸோன் ஸ்பிரேயைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு பையிலேயே வைத்திருங்கள். போதைச் சிகிச்சைக் குறிப்புகளின் ரகசியத்துக்கென்றே அங்கே தனிக் கூட்டாட்சி விதி இருக்கிறது, '42 சி.எஃப்.ஆர். பகுதி 2' என்பார்கள். நேர்காணலுக்கு முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மகள் எம்.ஏ. சைக்காலஜி. போதை மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்கிறாள். சம்பளம் உண்டா? பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பா?
— வாசகர், விருதுநகர்

வேலைக்குப் பஞ்சமில்லை ஐயா. எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்ததாகச் சொன்னவர் 38 பேரில் ஒருவர்தான். சம்பளம் மானியத்தில் ஓடும் மையங்களில் குறைவு. அனுபவம் சேர்ந்தபின் தனியார் மருத்துவமனைகள், பெரிய கம்பெனிகளின் ஊழியர் நலப் பிரிவு என்று போனால் கொஞ்சம் கூடும். பணக்காரராக முடியாது.

பாதுகாப்பு மையத்தைப் பொறுத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், வாயால் சொன்னால் போதாது, காட்டச் சொல்லுங்கள். ஆட்களை வீட்டிலிருந்து கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, பூட்டி வைத்து, அடித்துத் 'திருத்தும்' இடங்களும் போதை மறுவாழ்வு மையம் என்றே பெயர் வைத்திருக்கின்றன. போலீஸ் புகுந்து மூடிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சேரும் முன் மகளோடு நீங்களும் ஒரு முறை போய்ப் பாருங்கள். நோயாளிகள் வீட்டுக்குப் போன் பேசலாமா, டாக்டர் எந்த நாட்களில் வருகிறார், கழிவறை எப்படியிருக்கிறது, பெண் ஊழியர் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். இரவுப் பணி உண்டா, உண்டென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து விட வண்டி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.